மேல் வயல் கேட்

ஆஷ்வாட்டர், ஷ்ராப்ஷயர்
29 மே 1979

அன்புள்ள அண்ணா,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே இதை அடுப்புக்கு மேலே கடிகாரத்தின் பின்னால் செருகியிருப்பாய். சாயங்காலம் டீயோடு உட்காரும்போதுதான் பிரிப்பாய். பரவாயில்லை, நிதானமாகவே படி. நாங்களும் நிதானமாகத்தான் ஊர்ந்துகொண்டிருக்கிறோம்.

சிரில் கடையைக் கைமாற்றிவிட்டார். இத்தனை வருடமாக நார்தாம்ப்டனில் பாதிப் பேர் காலில் ஷூ மாட்டிவிட்ட மனிதர், சாவியைப் புது ஆளிடம் கொடுத்துவிட்டு வந்து ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துவிட்டார். தெருவில் போகிறவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயமாகிவிட்டது. அப்புறம் ஒரு காலையில் அவராகவே கேட்டார். "மேபல், கல்யாணம் ஆனதுலேருந்து நாம எங்கயாவது ஒரு வாரத்துக்கு மேல போயிருக்கோமா?"

"போனதில்ல. போனாலும் அதே கடற்கரை, அதே லாட்ஜ், அதே மழை" என்றேன்.

அவ்வளவுதான். பழைய மோரிஸ் மைனரில் இரண்டு மழைக்கோட்டு, ஒரு சுடுதண்ணீர்க் குடுவை, அவருடைய பாலிஷ் டப்பா எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டோம். அவசரப்படக் கூடாது என்பதைத் தவிர வேறு திட்டம் கிடையாது. காலையில் நடப்போம், மத்தியானம் எங்காவது புல்லில் சாய்ந்து பாலாடைக்கட்டியும் ரொட்டியும் தின்போம். மனம் வந்தால் அடுத்த ஊர், இல்லையென்றால் அதே ஊர். இந்த ஆஷ்வாட்டருக்கு ஒரு ராத்திரி தங்கத்தான் வந்தோம். நாலு நாளாகிவிட்டது. இந்த வருடம் குளிர் நீண்டுபோனதால் வேலிச் செடிகள் இப்போதுதான் பூத்திருக்கின்றன. சாலையின் இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்து, நடுவே கார் போனால் கண்ணாடியில் இதழ் ஒட்டிக்கொள்கிறது. துடைக்க மனசு வரவில்லை. சிரில் ஓரிடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, "இத்தனை நாளும் இது இங்கேயே இருந்திருக்கு, நான் தோலையும் லேசையும் பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பயணம் வடக்கே போகிறது. ஷ்ராப்ஷயர், பிறகு கால்வாய்க் கரைகள், பிறகு டெர்பிஷயர். கடைசி ஊர் நம்முடைய ஹைஃபோல்ட் என்று நான் மனதுக்குள் வைத்திருக்கிறேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. ஈஸ்டருக்கு நீ எழுதியிருந்தாய், "எப்போது வேண்டுமானாலும் வா, நீ மட்டும்" என்று. அண்ணா, நான் மட்டும் என்று தனியாக ஒருத்தி இல்லை. வந்தால் இரண்டு பேரும் வருவோம். இல்லையென்றால் நான் பிறந்த வீட்டை இந்த ஜென்மத்தில் இனிப் பார்க்காமலே இருந்துகொள்கிறேன். வீம்பில் நானும் மெட்கால்ஃப் வீட்டுப் பெண்தான்.

அடுத்த வாரம் மார்ஸ்லி லாக் தபால் நிலையத்துக்கு என் பெயரில் எழுது. போய் வாங்கிக்கொள்வேன்.

உன் தங்கை
மேபல்


ஹைஃபோல்ட்
2 ஜூன் 1979

மேபலுக்கு,

கடிதம் கிடைத்தது. கடிகாரத்தின் பின்னால் வைக்கவில்லை. கடிகாரம் ரிப்பேருக்குப் போயிருக்கிறது.

இங்கே குளிர் விட்டபாடில்லை. புல் வளரவில்லை. ஆட்டுக்குட்டிகள் தேறிவிடும்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். நீ மறந்திருக்க மாட்டாய், இருந்தாலும் ஒருமுறை எழுதிவிடுகிறேன். ஓடையெல்லாம் வற்றிய அந்தக் கோடை. மேல் வயலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஊற்று பக்கத்து வயலில் இருந்தது. ஆடுகள் போய்க் குடித்துவிட்டு வரட்டும் என்று நடுவில் இருந்த கேட்டைத் திறந்து, காற்றில் சாத்திக்கொள்ளாதபடி அடியில் கல்லை வைத்துவிட்டு, ஆட்டு ஏலத்துக்காக இரண்டு நாள் வெளியூர் போனேன். நீங்கள் ஊருக்குக் கிளம்பும் முன் மேலே நடக்கப் போனீர்கள். உன் கணவர் கல்லை நகர்த்தினார். கேட்டை மூடினார். கொண்டியையும் மாட்டினார். நீ நாய் மோஸோடு பின்னால் வந்துகொண்டிருந்தாய்.

நான் திரும்பி வந்தபோது ஆடுகள் கேட்டை ஒட்டிக் கிடந்தன.

அவை உன் அண்ணி ஹெஸ்டருடைய ஆடுகள். அவள் குட்டியிலிருந்து வளர்த்து, தன் கையால் அடையாளத்துக்கு நீல மை அடித்தவை. அந்த வருடம் பனிக்காலத்தில்தான் அவளைப் புதைத்திருந்தேன். அவள் போன பிறகு அவளுடையது என்று இங்கே மூச்சு விட்டுக்கொண்டிருந்தவை அவை மட்டும்தான். இரண்டே இரண்டு பிழைத்தன.

வயல் கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டுப் போக வேண்டும். திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி. இங்கே நடை பழகும் பிள்ளைக்கும் இது தெரியும். நீயாவது அவருக்குச் சொல்லியிருக்கலாம்.

வா. நீ மட்டும்.

எட்வின்


மார்ஸ்லி லாக், ஸ்டாஃபர்ட்ஷயர்
8 ஜூன் 1979

அண்ணா,

உன் கடிதத்தைத் தபால் நிலைய வாசலிலேயே நின்று படித்தேன். படித்துவிட்டுக் கால்வாயில் எறிந்துவிடலாமா என்று பார்த்தேன். அங்கே வாத்துகள் மேய்ந்துகொண்டிருந்தன, அவை என்ன பாவம் செய்தன என்று விட்டுவிட்டேன்.

சொல்லியிருக்கலாம் என்கிறாய். மூச்சு விடுவது எப்படி என்று யாராவது யாருக்காவது சொல்வார்களா? நமக்கு அது அப்படி ஊறிப்போனது. இன்னொருவருக்குத் தெரியாமல் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த மனிதர் கடைத்தெருவில் பிறந்து வளர்ந்தவர். திறந்த கதவு என்றால் அவருக்குத் திருடன், மழை, பூனை. எங்கள் வீட்டில் அலமாரி, இழுப்பறை, குழாய், டப்பா மூடி என்று என் வாயைத் தவிர எல்லாவற்றையும் மூடிக்கொண்டே இருப்பார். அன்றைக்கும் யாரோ மறந்துவிட்டார்கள், நாமாவது மூடுவோம் என்று நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தார். இதைத் தெரிந்துகொண்டே நீ அவரை மூன்று வருடமாக வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறாய். உன் கடிதங்களில் அவர் பெயரைக்கூட எழுதுவதில்லை. "உன் கணவர்", "உன் கணவர்". அவருக்குச் சிரில் என்று பெயர்.

உனக்கு ஒன்று சொல்கிறேன். எனக்கே இந்தப் பயணத்தில்தான் தெரிந்தது. அவர் எந்த வயல் கேட்டையும் தொடுவதில்லை. முதலில் தற்செயல் என்று நினைத்தேன். கேட் வந்தால் போதும், நின்று பறவை பார்ப்பார், ஷூ லேசை அவிழ்த்துக் கட்டுவார், மாடுகளைப் பற்றி ஏதாவது கேட்பார். நான் திறப்பேன். உள்ளே வருவார். நான் மூடுவேன். அதன் பிறகுதான் பேச்சு தொடரும். நேற்று நான் பின்தங்கிவிட்டேன். பார்த்தால், நல்ல கேட் ஒன்று பக்கத்திலேயே இருக்க, இந்த வயதில் சுவர் மேல் ஏறிக்கொண்டிருக்கிறார். கால்சட்டை முட்டிவரை கிழிந்துவிட்டது. தங்கும் வீட்டுக்கார அம்மாள் ஊசி நூலோடு வந்து, "கேட்டு பக்கத்துலயே இருக்கே சார், சுவத்துல ஏன் ஏறுனீங்க?" என்று கேட்டாள்.

"உடம்புக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னாரு" என்றார் சிரில். அவர் டாக்டரைப் பார்த்துப் பத்து வருடம் இருக்கும்.

இதைக் கேட்டு உனக்குச் சந்தோஷமாக இருந்தால் இருந்துகொள். எனக்கு அழுகை வந்தது.

போகட்டும், உன்மேல் உள்ள கோபத்தில் இந்த ஊரின் அழகை நான் ஏன் விட வேண்டும்? கால்வாய் ஓரம் நடப்பது போன்ற சுகம் வேறு இல்லை. தண்ணீருக்கும் அவசரம் இல்லை, அதன் மேல் போகும் படகுக்கும் அவசரம் இல்லை. படகில் ஒருத்தி துணி காயப்போட்டுக்கொண்டே எங்களோடு ஒரு மைல் தூரம் பேசிக்கொண்டே வந்தாள், எங்கள் நடையும் அவள் படகும் ஒரே வேகம். ஞாயிற்றுக்கிழமை ஊர்த் திடலில் கிரிக்கெட். ஒரு ஆள் குறைகிறது என்று சிரிலைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். நாற்பது வருடத்துக்கு முன் பள்ளிக்கூடத்தில் ஆடியவர், எல்லைக்கோட்டில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ராஜா மாதிரி நின்றார். பந்து வீசும் பையனின் ஷூ ஆணி தளர்ந்திருக்கிறது என்று தூரத்திலிருந்தே கண்டுபிடித்து, டீ இடைவேளையில் அதைச் சரிசெய்தும் கொடுத்துவிட்டார். வெள்ளரிக்காய் சாண்ட்விச்சும் செர்ரி கேக்கும் கொடுத்தார்கள். வெயில் சாய்ந்து புல்வெளி பொன்னிறமானபோது, எனக்கு இந்த நாடும் பிடித்திருந்தது, இந்தப் புருஷனும் ரொம்பப் பிடித்திருந்தது.

அடுத்தது டெர்பிஷயரில் ஆல்டர்வெல். பாக்ஷா என்பவர்களின் பண்ணை வீட்டில் அறை எடுத்திருக்கிறோம். விலாசம் பின்னால் எழுதியிருக்கிறேன்.

மேபல்


ஹைஃபோல்ட்
12 ஜூன் 1979

மேபல்,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன்.

சுவரில் ஏற வேண்டாம் என்று சொல். காரை இல்லாமல் அடுக்கிய சுவர், மேல் கல் ஒன்று சரிந்தால் வரிசையாகச் சரியும். யாரோ ஒருவன் அரை நாள் செலவழித்துத் திரும்ப அடுக்க வேண்டும். முட்டி உடைந்தால் இந்த வயதில் சேராது. கேட் எதற்கு இருக்கிறது?

எனக்குச் சந்தோஷமாக இல்லை. அப்படி எழுதியிருக்க வேண்டாம் நீ.

பதில் மாறவில்லை. காலையில் எழுந்து மேல் வயலுக்குப் போகும்போது ஒவ்வொரு நாளும் அந்தக் கேட்டைத்தான் பார்க்கிறேன். பார்த்ததும் வயிறு எரிகிறது. அதை வைத்துக்கொண்டு ஒரே மேசையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு கொடு, உப்பு கொடு என்று எப்படிக் கேட்பது? எனக்கு நடிக்கத் தெரியாது.

நேற்று மழை பெய்தது. போதாது.

எட்வின்

பி.கு. கிரிக்கெட்டில் அவர் பக்கம் பந்து வந்ததா? பிடித்தாரா? ஷூவைப் பற்றி எழுதினாய், அதை எழுதவில்லை.


பாக்ஷா பண்ணை, ஆல்டர்வெல், டெர்பிஷயர்
17 ஜூன் 1979

அன்புள்ள அண்ணா,

பந்து வந்தது. உயரமாக வந்தது. சிரில் தொப்பியைக் கழற்றி அதில் பிடித்தார். அது செல்லாதாம். எதிரணிக்கு ஐந்து ஓட்டம் சும்மா கிடைத்தது. ஆனாலும் எல்லாரும் கை தட்டினார்கள்.

வயிறு எரிகிறது என்று நீ எழுதிய வரியையும் நான் இரண்டு தடவை படித்தேன். உன்மேல் கோபமாகவே இருக்கலாம் என்று பார்த்தால் நீ இப்படி ஏதாவது எழுதிவிடுகிறாய். அண்ணி கையால் நான் எத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறேன்! எனக்கும் அந்த ஆடுகள் ஆடுகள் மட்டும் இல்லை.

இங்கே ஊரே பூவில் கிடக்கிறது. கிணறு அலங்காரம் நடக்கும் வாரம். பெரிய மரப்பலகையில் ஈரக் களிமண்ணைப் பூசி, ஒவ்வொரு இதழாக அழுத்தி அழுத்திப் படம் செய்கிறார்கள். ஊர்க் கூடத்தில் பெண்களெல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கும் ஒரு மூலையைக் கொடுத்தார்கள், ஒரு புறாவின் இறக்கை. வெள்ளை இதழ்களை ஓடு வேய்கிற மாதிரி கீழேயிருந்து மேலே அடுக்க வேண்டும், அப்போதுதான் மழை உள்ளே இறங்காமல் வழிந்து ஓடும். நான் மேலேயிருந்து ஆரம்பித்துவிட்டேன். பக்கத்திலிருந்தவள், "வடக்கத்திக்காரங்களுக்கு எல்லாம் தலைகீழாத்தான் வரும்போல" என்று சிரித்தாள். "தெற்கே வாக்கப்பட்டதுல வந்த கோளாறு இது" என்றேன். கூடமே சிரித்தது. முடிந்த பலகையைத் தூக்கிப்போய் ஊற்றின் மேல் நிறுத்தியபோது, பாதிரியார் தண்ணீருக்கு நன்றி சொல்லி ஜெபம் பண்ணினார். தண்ணீருக்கு நன்றி என்றதும் எனக்கு உன் மேல் வயல்தான் ஞாபகம் வந்தது.

சிரில் அதைப் பார்க்க வரவில்லை. படுத்திருக்கிறார். நான் இறக்கை ஒட்டிக்கொண்டிருந்த மத்தியானம் தனியாக நடக்கப் போனவர், அந்தக் கொட்டுகிற மழையில் தொப்பலாக நனைந்து, பற்கள் தந்தியடிக்க டாம் பாக்ஷாவின் வண்டியில் வந்து இறங்கினார். இப்போது காய்ச்சலும் சளியும். எப்படி நனைந்தார் என்று கேட்காதே. உனக்கு எழுதக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். "எட்வினுக்கு எழுதினா, நான் அவர்கிட்ட நல்ல பேரு வாங்கப் பண்ணின மாதிரி ஆயிடும். வேண்டாம்" என்கிறார். நானும் எழுதவில்லை. டாமின் மனைவி கடுகு போட்ட வெந்நீரில் அவர் காலை ஊறவைக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிக்கிறாள். நான் பிறந்த ஊர் எது என்று டாம் கேட்டார். சொன்னேன். "ஹைஃபோல்ட் எட்வின் தங்கச்சியா நீங்க? போன வருஷம் அவர்கிட்டதானே கிடா வாங்கினேன்!" என்றார். இத்தனை பெரிய நாட்டில் நான் அறை எடுப்பதற்கு வேறு வீடு கிடைக்கவில்லை பார்.

இங்கே சளி குணமாகும்வரை இருப்போம். அதற்குள் உன்னிடமிருந்து நல்ல பதில் வராவிட்டால் வண்டியைத் தெற்கே திருப்பச் சொல்லிவிடுவேன். அப்புறம் நானும் கேட்க மாட்டேன், நீயும் மறுக்க வேண்டியதில்லை.

மேபல்


ஹைஃபோல்ட்
21 ஜூன் 1979

அன்புள்ள மேபல்,

நீ சத்தியத்தைக் காப்பாற்றினாய். டாம் பாக்ஷா யாருக்கும் சத்தியம் பண்ணவில்லை. செவ்வாய்க்கிழமை ஏலத்துக்கு வந்திருந்தார். கொட்டகையில் எல்லார் நடுவிலும் என் தோளைத் தட்டி ஆரம்பித்துவிட்டார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன், எனக்கு இதையெல்லாம் சோடித்துச் சொல்ல வராது.

"எட்வின், உன் தங்கச்சி வீட்டுக்காரர் எங்க வீட்லதான் இருக்காரு. வியாழக்கிழமை மழைன்னா மழை, அப்படி ஒரு மழை. நான் ஆட்டைப் பார்க்கலாம்னு வண்டியில போறேன். ரோட்டோர வயல் கேட்டு தொறந்து கிடக்கு. நடுவுல ஒரு மனுஷன் ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நிக்கிறாரு. எதிர்ல என் ஆடுங்க எல்லாம் வரிசையா நின்னு அவரையே பார்த்துக்கிட்டு இருக்கு. 'என்ன சார் பண்றீங்க?'ன்னேன். 'ஆடு ரோட்டுக்கு வந்துடக் கூடாதுன்னு நிக்கிறேன்'னாரு. 'அதுக்குக் கேட்டைச் சாத்தினாப் போதுமே'ன்னேன். 'நீங்க வேணும்னே தொறந்து வச்சிருந்தா?'ன்னாரு. 'அப்ப விட்டுட்டுப் போக வேண்டியதுதானே'ன்னேன். 'மறந்து தொறந்து வச்சிருந்தா?'ன்னாரு. 'சரி, என்னை வந்து கேக்கறதுதானே?'ன்னேன். 'நான் கேக்கப் போற நேரத்துல ஆடு வெளிய வந்துடுமே, அதான் யாராவது வர்ற வரைக்கும் நிக்கலாம்னு'ன்னாரு. எவ்வளவு நேரமா நிக்கிறீங்கன்னு கேட்டா, பேச வாய் வரல அவருக்கு, அப்படி ஒரு நடுக்கம்!"

கேட்டைத் திறந்து போட்டது டாம்தான். காலையில் அவசரத்தில் மறந்துவிட்டாராம். அதையும் அவரே சொல்லிச் சிரித்தார்.

கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஹெஸ்டர் போன பிறகு அப்படிச் சிரித்த ஞாபகம் இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அப்புறம் வண்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். சிரிப்பு வேறு ஏதோவாக மாறிவிட்டது. மோஸ் பக்கத்தில் ஏறி என் கையை நக்கிக்கொண்டிருந்தான். இதற்கு மேல் எழுத மாட்டேன்.

ஒரு மனிதனைக் கேட்டைத் தொடவே பயப்படும்படி நான் ஆக்கியிருக்கிறேன் என்றால், அது எனக்குப் பிடிக்கவில்லை.

சளி நன்றாகக் குணமாகட்டும். 30ஆம் தேதி சனிக்கிழமை வாருங்கள். இரண்டு பேரும். வண்டியைச் சாலையிலேயே விட்டுவிட்டு மேல் வயல் வழியாக நடந்து வாருங்கள். அங்கே கேட்டை அவர் பார்த்துக்கொள்ளட்டும். நீ கையைக் கட்டிக்கொண்டு வா, வாயையும்.

எட்வின்


ஆல்டர்வெல்
24 ஜூன் 1979

அன்புள்ள அண்ணா,

ஒரே வரியில் எழுதிவிடலாம், வருகிறோம்.

உன் கடிதத்தைச் சிரிலிடம் கொடுத்தேன். படித்தார். கண்ணாடியைத் துடைத்தார். திரும்பப் படித்தார். மடித்து உறையில் வைத்து, உறையையும் மூடிவிட்டு, "கேட்டு தொறந்திருக்குமா, மூடியிருக்குமா? உங்க அண்ணன்கிட்ட கேட்டு எழுதேன்" என்றார்.

"எழுத மாட்டேன்" என்றேன். "அங்கே போய் உங்க கண்ணாலேயே பாருங்க."

அன்றிலிருந்து சாப்பாட்டில் மனசு இல்லை அவருக்கு. டாம் மனைவி செய்த பாதாம் புட்டிங்கைக்கூடத் தட்டில் மிச்சம் வைத்தார். ஷூவுக்கு மட்டும் தினம் பாலிஷ் போடுகிறார். காய்ச்சல் போன அன்றே வாசலில் உட்கார்ந்து ஆரம்பித்துவிட்டார்.

மேபல்


நார்தாம்ப்டன்
11 ஜூலை 1979

அன்புள்ள அண்ணா,

வந்து சேர்ந்துவிட்டோம். நீ கொடுத்தனுப்பிய பாலாடைக்கட்டியைப் பழக் கேக்கோடு தினம் சாப்பிடுகிறோம். தெருவில் யாருக்கும் கொடுக்கவில்லை. கேட்டால் தீர்ந்துவிட்டது என்கிறேன்.

நீ கையையும் வாயையும் கட்டிக்கொள்ளச் சொன்னாய் அல்லவா, அன்றைக்கு மேலே நடந்ததை உன்னிடம் சொல்லவே இல்லை. உன் வீட்டில் இருந்தவரை அவரும் பக்கத்திலேயே இருந்தார். இப்போது சொல்கிறேன்.

சாலையிலிருந்து ஏறும்போது புல் அறுப்புக்குத் தயாராக நின்றது, மஞ்சளும் ஊதாவும் வெள்ளையுமாய் அத்தனை பூ. பிறந்ததிலிருந்து பார்த்த வயல், அன்றைக்குத்தான் முதல்முறை பார்க்கிற மாதிரி இருந்தது எனக்கு. மேல் வயல் வந்தது. கேட் திறந்திருந்தது. அடியில் கல். அதே கல்தானே, அண்ணா? எனக்கு உன்மேல் ஆத்திரமாக வந்தது. இப்படியா ஒரு மனிதனைச் சோதிப்பது என்று திட்ட வாயெடுத்தேன். உன் கட்டளை ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டேன்.

அவர் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டுக்கு இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். "தண்ணி எந்தப் பக்கம்?" என்று கேட்டார். நான் கையைக் காட்டவில்லை, கட்டியிருந்தேன் அல்லவா. முகவாயால் காட்டினேன். அவர் ஊற்றுவரை நடந்து போய்த் தொட்டியில் கையை விட்டுப் பார்த்துவிட்டு வந்தார். அண்ணியின் நீல மை அடித்த அந்த இரண்டு ஆடுகளும் குட்டிகளோடு கேட் வழியாகப் போயின, எங்களைச் சட்டை செய்யவே இல்லை. அவை போய்த் தண்ணீர் குடிப்பதைக் கடைசிவரை பார்த்தார். குடித்து முடித்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டைக் கடந்தார். எதையும் தொடவில்லை. கொஞ்ச தூரம் வந்து ஒருமுறை மட்டும் திரும்பிப் பார்த்தார். "சரியா இருக்கு" என்றார், எனக்கா தனக்கா தெரியவில்லை.

மிச்சம் உனக்கே தெரியும். அடுப்படியில் நீ முதுகைத் திருப்பிக்கொண்டே, "கேட்டு?" என்றாய். "தொறந்திருந்தது. தொறந்தபடி விட்டேன்" என்றார். "ம். டீ ஆறுது" என்றாய். அவ்வளவுதான் நீங்கள் இருவரும் பேசியது. நான் மட்டும்தான் பின்கட்டுக்குப் போய் அழுதேன். அப்புறம் உன் கிழிந்த பூட்ஸை அவர் மடியில் வைத்துத் தைத்ததும், "எங்க அப்பா காலத்துத் தோல், ஜாக்கிரதை" என்று நீ அவர் தலைக்கு மேலேயே நின்று அதட்டியதும், மோஸ் உன்னை விட்டுவிட்டு அவர் பின்னாலேயே சுற்றியதும் பார்க்கக் கண் கோடி வேண்டும்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. கிளம்பிய காலையில் அவரைக் காணோம். தேடி வாசலுக்கு வந்தால் மலையிலிருந்து இறங்கி வருகிறார். கையெல்லாம் வெள்ளை, மூக்கிலும் வெள்ளை. என்ன என்று கேட்டால், "உங்க அண்ணன் கொட்டகையில கொஞ்சம் சுண்ணாம்பு இருந்தது, வீணாப் போகுமேன்னு" என்றார். எதில் பூசினார் என்று இன்றுவரை சொல்லவில்லை. நீயாவது சொல்.

இங்கே பின்வாசல் கதவு காலையிலிருந்து திறந்து கிடக்கிறது. பூனை இரண்டு தடவை வந்து போய்விட்டது. "சாத்தலையா?" என்றேன். "தொறந்துதானே இருந்தது?" என்கிறார். எனக்குக் குளிர்கிறது. இருந்தாலும் நான் சாத்தவில்லை.

மேபல்


ஹைஃபோல்ட்
16 ஜூலை 1979

அன்புள்ள மேபல்,

வெயில் வந்துவிட்டது. கீழ் வயல் அறுத்துக் காய்ந்துகொண்டிருக்கிறது. இன்னும் நாலு நாள் மழை இல்லாமல் இருந்தால் எல்லாம் உள்ளே வந்துவிடும். தைத்த பூட்ஸ் தண்ணீர் வாங்கவில்லை.

ஆமாம், அதே கல்தான். சோதிக்க வைக்கவில்லை. மேல் வயலில் இந்த வருடமும் தண்ணீர் குறைவு, ஆடுகளுக்கு வழி வேண்டியிருந்தது. மூடி வைத்துவிட்டு உங்களை வரவேற்கலாமா என்று யோசித்தேன். அது பொய்யாகிவிடும் என்று பட்டது. கொட்டகை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் ஊற்றுக்குப் போய்க் கையை விட்டதை நானும் பார்த்தேன்.

சுண்ணாம்பு அந்தக் கல்லுக்கு. சுற்றிலும் வெள்ளை அடித்து வைத்திருக்கிறார். புல்லில் மறைந்து கிடந்த கல், இப்போது சாலையிலிருந்தே தெரிகிறது. இனி யார் வந்தாலும், ஒருவன் வேண்டுமென்றுதான் வைத்திருக்கிறான் என்று தெரிந்துகொள்வார்கள். நான் பிறந்ததிலிருந்து இந்த மலையில் கேட்டுக்குக் கல் வைக்கிறேன். எனக்கு இது தோன்றியதில்லை. கொட்டகையில் மீதி இருந்த சுண்ணாம்பை எடுத்துப்போய் மற்ற கற்களுக்கும் நானே அடித்துவிட்டேன். ஹெஸ்டர் இருந்திருந்தால் பூக்கூடப் போட்டிருப்பாள்.

இன்று காலை தபால்காரர் உன் கடிதத்தோடு வந்தவர் மேலே பார்த்துவிட்டு நின்றார். "என்ன எட்வின், கல்லுக்கெல்லாம் வெள்ளையடிச்சு வச்சிருக்கே? யாரு சொன்னா இதெல்லாம்?" என்று கேட்டார்.

"எங்க மாப்பிள்ளை" என்றேன்.

எட்வின்